அந்த மேப் காளிதாஸ் அண்ணன் போட்டதல்ல

இந்தப் படத்திறப்புக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் காரைக்குடி வட்டார அச்சக வடிவமைப்பாளர்கள் சங்கத்தின் தலைவர், மதிப்பிற்குரிய நாகநாதன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, பிள்ளையார்பட்டிக்கு நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்துவரும் பாதயாத்திரைக் குழுவினரே, அச்சகத் தோழர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் புஷ்பவள்ளி மதினி அவர்களே, தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தீபலட்சுமி. கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் 'திசை கிராபிக்ஸ்' கடையில், அமரர் 'மேப்' காளிதாஸ் அவர்களுக்கு எதிர் மேசையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. எழுதி வைத்துத்தான் வாசிக்கிறேன். தாள் ஆடினால் மின்விசிறிக் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் என் மாமியார் மடியில் என் மகள் இருக்கிறாள். நடுவில் அவள் குரல் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் ஐயா பேசும்போது ஒன்று சொன்னார்கள். "எண்ணூறு மேப்புப் போட்ட காளிதாஸ ஒரே ஒரு பாலந்தான்யா ஏமாத்துச்சு" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். நீங்களும் அன்போடுதான் சிரித்தீர்கள். ஆனால் மதினி தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பார்த்தேன். இந்தப் பேச்சு இன்றைக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஊரே சொல்லுகிற பேச்சு அல்லவா? அதனால் பதிலையும் எழுதிக்கொண்டுதான் வந்தேன்.

அந்தப் பாலத்து மேப்பை அவர் போடவில்லை. நான் போட்டேன்.

இதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்வதால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பாதயாத்திரைக்காரர்களுக்காக அவர் பாதி போட்டு வைத்த பெரிய வரைபடத்தை முடிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று குழுவினர் இந்தக் கூட்டம் முடிந்ததும் பேசப் போகிறார்கள். என் பெயரும் அதில் இருக்கிறது. அவர்கள் முடிவெடுத்த பிறகு சொல்லலாம் என்று நேற்று வரைக்கும் எனக்கு ஆசை இருந்தது. அப்படிச் செய்தால் இரண்டாவது தடவையும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவளாக ஆகிவிடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி அந்த மனிதரைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம்.

யார் இந்தக் காளிதாஸ்? ஆசாரி வீட்டுப் பிள்ளை. தகப்பனார் கதவு நிலை செய்தவர். இவர் கை உளிக்குப் போகவில்லை, ஸ்டியரிங்குக்குப் போனது. பதினான்கு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். முதுகுத்தண்டில் வட்டு விலகியது. இனி வேன் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிவிஎஸ் பிப்டி மொபெட் ஓட்டலாமா என்று இவர் அவரிடம் கேட்கவே இல்லை! வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு அழைப்பிதழ் வடிவமைக்க இந்தக் கடையில் சேர்ந்த வாரத்தில்தான் அவரும் சேர்ந்தார். எனக்குக் கோரல் டிரா தெரியும், ரோடு தெரியாது. அவருக்கு ரோடு தெரியும், மவுஸ் தெரியாது. முதல் நாள் மவுஸை இரண்டு கையாலும் பிடித்தார். "இதுல பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். ஆறே மாதம். அதன் பிறகு என்னைவிட வேகமாகப் போட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் நாங்கள் இருவரும் மேப் போட்டோம். ஊர்க்காரர்கள் இருவர் வேலையையும் அவர் பெயரில்தான் சொன்னார்கள். அதில் எனக்குக் குறை இருந்ததே இல்லை. அந்தக் கடைக்கு மேப் என்றால் காளிதாஸ்தான்.

வெளியிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்காக, அந்த மேப் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், உள்ளங்கை அளவில், மண்டபத்துக்கு வழி காட்டும் படம் இருக்குமே, அதுதான். அதில் ரோடு எப்படி உண்டாகிறது? முதலில் ஒரு கோடு. அதைத் தடிமனாக்கிக் கறுப்புக் கொடுக்க வேண்டும். அதே கோட்டைப் பிரதி எடுத்து, கொஞ்சம் மெலிதாக்கி, வெள்ளை கொடுத்து மேலே வைக்க வேண்டும். கறுப்பு இரண்டு ஓரத்திலும் துளி எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், ரோடு வந்துவிட்டது. ஊரில் உள்ள எல்லா ரோட்டின் கறுப்பையும் அடியில் போட்டு, எல்லா வெள்ளையையும் மேலே போட்டால், ரோடும் ரோடும் சந்திக்கிற இடம் தானாகவே திறந்துகொள்ளும். நாற்சந்தி பிறந்துவிடும். படத்தைப் பெரிதாக்கி பிளக்ஸில் அடித்தாலும் உடையாது, சிறிதாக்கி விசிட்டிங் கார்டில் போட்டாலும் கலங்காது. இதை யாரும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

அப்படியானால் காளிதாஸ் அண்ணனிடம் என்ன இருந்தது? எதை விடுவது என்கிற தெளிவு இருந்தது! நிஜ ரோடு பாம்பு மாதிரி வளையும். அவர் அதை நிமிர்த்திப் போடுவார். நடுவில் பத்துச் சந்து இருக்கும். பத்தையும் எடுத்துவிடுவார். "வண்டியில வர்றவன் கண்ணுக்கு எது படுமோ அது மட்டும் இருந்தாப் போதும் தீபா. மத்ததெல்லாம் அவனைக் குழப்பும்" என்பார். அடையாளத்துக்கு ஊருணி போடுவார், தண்ணீர்த் தொட்டி போடுவார், கோயில் வளைவு போடுவார். டீக்கடை போட மாட்டார். டீக்கடை இடம் மாறிவிடும், ஊருணி எங்கே போகும்?

இதற்காகவே டீக்கடைப் பெத்தன் அண்ணன் ஒருநாள் சண்டைக்கு வந்தார். இங்கேதான் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார்.

"எங்கடைய ஏன் போடல? முப்பது வருசமா அதே எடத்துல இருக்கேன்ல?"

"இருக்கீக அண்ணே. பந்தல மட்டும் வருசத்துக்கு ஒருக்கா அங்குட்டும் இங்குட்டும் மாத்துறீகளே."

"அது வெயிலுக்குய்யா!"

"வெயில் நிக்கிற எடத்தச் சொல்லுங்க, கடையப் போட்டுர்றேன்."

அன்றைக்கு இரண்டு டீ ஓசியில் வந்தது. கடை மேப்பில் வரவே இல்லை.

போனிலேயே வழி பார்க்கலாமே, பத்திரிகையில் மேப் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். போன் என்ன செய்யும்? கிட்டத்தில் இருக்கிற வாசலில் கொண்டுபோய் விடும். ஒருமுறை அறுபதாம் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் பட்டுச் சேலையும் பூத்தட்டுமாக நேரே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார்கள். கரண்டியோடு நின்ற சமையல்காரர், "வாங்க, வாங்க, பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாராம். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து, காளிதாஸ் அண்ணன் போட்ட எந்த வீட்டு மேப்பிலும் முகப்பு எந்தத் தெருவில் என்று ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். எத்தனை சம்பந்திகளின் மரியாதையை அந்த அம்புக்குறி காப்பாற்றியிருக்கும்! யார் கணக்கு வைத்தார்கள்?

அவருக்கு ஒரு விதி இருந்தது. தான் போகாத ரோட்டைப் போடக் கூடாது. எண்ணூறு மேப் என்று தலைவர் ஐயா சொன்னார்கள். எண்ணூறு தடவை டிவிஎஸ் கிளம்பியது என்று அர்த்தம், நான் வரைந்ததற்கும் அவர்தான் போய்ப் பார்த்து வருவார். கொளுத்துகிற வெயிலில் போவார், மழையில் சட்டைப் பைக்குள் நோட்டை பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "லெப்ட்ல வேகத்தடை ஒண்ணு புதுசா முளைச்சிருக்கு" என்பார். வேகத்தடை மேப்பில் வராது. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விதி ஒரே ஒரு தடவை தவறியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்த ஊர் சோலையம்மாள் அம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க எங்களிடம் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் பாதிப் பேர் திருச்சியிலிருந்து வருகிறவர்கள். மண்டபமோ பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டியது. காளிதாஸ் அண்ணனுக்கு அந்த வாரம் கடுமையான காய்ச்சல். எழுந்து உட்கார முடியவில்லை. அச்சுக்குப் போக ஒரு நாள்தான் இருந்தது. வீட்டிலிருந்து எனக்குப் போன் பண்ணினார். நான் அப்போது பிரசவம் முடிந்து, மூன்று மாதக் குழந்தையோடு வேலைக்குத் திரும்பியிருந்தேன். கடையின் பின்னறையில் சேலையில் தொட்டில் கட்டியிருந்தோம்.

அவர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"தீபா, பெட்ரோல் பங்க் தாண்டுனதும் ஒரு எடத்துல ரெண்டு ரோடும் வெட்டிக்கிற மாதிரி இருக்கும். வெட்டிக்காது. பைபாஸ் பாலத்து மேல போகுது, ஊர் ரோடு கீழ போகுது. அங்கன பைபாஸ ஏத்தி வச்சிரு, என்ன?"

"சரிண்ணே."

"பாலத்துக்கு முன்னாடியே இடது பக்கம் இறங்குற சின்ன ரோடு ஒண்ணு இருக்கும். அதத் தடிமனாப் போடு."

"சரிண்ணே, பிள்ள அழுகுது, வைக்கிறேன்."

'ஏத்தி வை' என்றால் என்ன? பாலத்து மேல் போகிற ரோட்டின் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது. அப்போதுதான் கீழே போகிற ரோடு அடியில் நுழைந்து போவது போலத் தெரியும். இல்லையென்றால் நான் முதலில் சொன்ன மாதிரி, சந்திக்கிற இடம் தானாகவே திறந்துகொள்ளும். பாலம் இருக்கிற இடத்தில் நாற்சந்தி பிறந்துவிடும்!

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்தேன். எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று போனில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தேன். வானத்திலிருந்து பார்த்தால் பாலமும் நாற்சந்தியும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டு ரோடு ஒன்றை ஒன்று வெட்டுகிற மாதிரி தெரிந்தது. அதையே போட்டேன். ஏற்றி வைக்கவில்லை. இறங்குகிற சின்ன ரோட்டை, சந்து என்று நினைத்து எடுத்துவிட்டேன். அவர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது, கைக்கு வந்து சேரவில்லை. ஆயிரத்து இருநூறு பத்திரிகை அச்சாகிப் போய்விட்டது.

மணப்பெண்ணின் தாய்மாமன், திருச்சியில் இருக்கும் முத்துக்கண்ணன் ஐயா, சீர்த்தட்டுகளோடு வேனில் வந்தார்கள். மேப்பில் நாற்சந்தி. நாற்சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர்கள் திரும்பத் தயாராக வந்தபோது வேன் பாலத்தின் உச்சியில் நின்றது! இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்துத் திரும்புகிற இடம் எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி. போன் அடித்திருக்கிறார்கள். மண்டபத்தில் மேளச் சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. தாய்மாமன் மாலை போட்டு மணவறையில் உட்காரவைக்க வேண்டிய பெண்ணை, முகூர்த்தம் தவறிப்போகும் என்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் உட்காரவைத்தார். முத்துக்கண்ணன் ஐயா உள்ளே நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்திருந்தது.

மறுநாள் அவர் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தார். நான் மேசையில் இருந்தேன். காளிதாஸ் அண்ணன் காய்ச்சல் தெளிந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார்.

"யாருய்யா இந்த மேப்புப் போட்டது?"

நான் எழுந்தேன். வாய் திறக்கவில்லை.

"இந்த எடத்துல இடது பக்கம் திரும்பச் சொல்லிருக்கீக. திரும்புறதுன்னா பாலத்து மேலருந்து வேனோட கீழ குதிக்கணும். குதிக்கச் சொல்றீகளா?"

"உக்காருங்கண்ணே" என்றார் காளிதாஸ் அண்ணன்.

"உக்கார்றதுக்கா வந்தேன்? என் தங்கச்சி மகளுக்கு நான் ஒருத்தன்தான்யா கூடப்பிறந்த மாமன். இருபத்தஞ்சு வருசமா அந்த ஒரு காலைப்பொழுதுக்காகக் காத்திருந்தேன். அத எனக்குத் திருப்பிக் குடுக்க முடியுமா உங்களால?"

"முடியாதுண்ணே. நான்தான் போட்டேன். என் தப்புதான்."

பெரியவர் பத்திரிகையை மேசையில் வைத்தார். "கோபப்படக்கூடத் தோணலய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பின்னறையில் என் மகள் அழுதாள். "போ, பிள்ளையப் பாரு" என்றார் அண்ணன். நான் போனேன்.

சாயங்காலம் கேட்டேன், "ஏண்ணே அப்படிச் சொன்னீக?"

"இந்த மேப்புக்குன்னு நான் போய்ப் பாக்காத ரோட்டுக்கு நீ எப்படிப் பொறுப்பாவ?"

"நீங்கதான் போன்லயே சொன்னீகளே, ஏத்தி வைன்னு."

"சொன்னா ஆச்சா? சொல்றதும் போறதும் ஒண்ணா? வேலையப் பாரு."

அவர் அதோடு விட்டுவிட்டார். ஊர் விட்டதா? அந்தச் சொந்தபந்தம் எல்லாம் அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. 'மேப்' காளிதாஸ் 'பாலம்' காளிதாஸ் ஆனார். ஒரு கல்யாணப் பந்தியில், மதினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒருவர் உரக்கச் சொன்னார்: "சாம்பார் எங்கிட்டு வருதுன்னு காளிதாஸ்கிட்ட மட்டும் கேட்றாதீகப்பா, இலையத் தாண்டிக் கொண்டுபோயி விட்ருவாரு!" பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் எதிர்ப்பந்தியில் இருந்தேன். என் இலையில் இருந்ததை நான் சாப்பிட்டு முடித்தேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏன் பேசாமல் இருந்தேன்? முதல் மாதம் பயம். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இது தெரிந்தால் அன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் வெட்கம். அதன் பிறகு பழகிவிட்டது. ஆம், பெரியோர்களே, வேறு நல்ல காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பழகிவிட்டது.

அவரோ என்ன செய்தார்? அந்த இரண்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டினாரா? இல்லை. என் மேப்பை எடுத்து ஒருமுறையாவது சரிபார்த்தாரா? இல்லை! நான் போட்டதை அப்படியே அச்சுக்கு அனுப்பினார். நானாகவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரோடு பார்க்கப் போக ஆரம்பித்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவள் விழுந்துவிட்டாளோ, பசித்து அழுகிறாளோ என்று நினைத்துக்கொண்டே போவேன். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, "நீ அங்கிட்டு ஊருணி வரைக்கும் பாரு. மிச்சத்த நான் பாத்துட்டு வர்றேன். பிள்ள தேடும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

பதினெட்டு நாளைக்கு முன்னால், காலை டீ குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதிப் பத்திரிகையை எங்கள் கடையில்தான் அடித்தோம். நான்தான் வடிவமைத்தேன். பின்பக்கம் மேப் போட வேண்டும். பழைய பைல்களில் அவர் வீட்டுக்கு வழி இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம் என்று தேடினேன். எண்ணூறு மேப்பில் அவர் வீடு ஒன்றிலும் இல்லை. ஊரில் எல்லோர் வீட்டுக்கும் வழி போட்டவர் தன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டதில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி ஒரு சின்ன ஊருணி, மூன்றாவது வீடு. முகப்பு கிழக்கே. ஏழு வருஷமாக நூறு தடவை வந்துபோன வீடு. அன்றைக்குத்தான் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். அந்த மேப்பைப் பார்த்துத்தான் உங்களில் பலர் அந்த வீட்டுக்கு வந்தீர்கள். ஒருவரும் வழி தவறவில்லை என்று மதினி சொன்னார்கள்.

அதைக் கேட்ட பிறகு மதினியிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள்:

"பந்தியில சிரிச்சாங்களே, அன்னைக்கு நீ அங்கனதான இருந்த?"

"இருந்தேன் மதினி."

"வீட்டுக்கு வந்து நானும் அவரத் திட்டுனேன்டி. கண்ணு தெரியலையா, கொஞ்சம் பாத்துப் போட்டா என்னன்னு. மனுசன் 'ஆமா புஷ்பா'ன்னாரு. அந்த 'ஆமா'வ நான் எங்க போயித் திருப்பி வாங்குவேன்?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அழுகாத. வீட்டுக்குள்ள வந்து என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறதுக்கு இல்ல இது. சிரிச்சவங்க எல்லாம் நாளைக்கு வருவாங்க. அவங்க முன்னாடி சொல்லு."

அதனால்தான் இந்த மேடை. மதினி சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

தலைவர் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய உரைகளை எல்லாம் சேர்த்து நினைவு மலராக அச்சிடப் போவதாக அறிவித்தீர்கள். அதில் உங்கள் உரையும் வரும். அந்தப் பாலத்தைப் பற்றிய வரியை எடுக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் பெரியவர்கள், அது உங்கள் உரை. ஆனால் பெயரை மாற்றிப் போடுங்கள். 'ஒரே ஒரு பாலம் தீபலட்சுமியை ஏமாற்றியது' என்று போடுங்கள். அந்தப் பக்கத்தை நானே வடிவமைத்துத் தருகிறேன். இனி எங்கள் கடையிலிருந்து வருகிற ஒவ்வொரு மேப்பின் மூலையிலும், வரைந்தவர் பெயரும் அவருடைய போன் நம்பரும் சிறிய எழுத்தில் இருக்கும். வழி தப்பிப் பாலத்து மேல் நிற்கிறவர் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்து திட்டட்டும். குற்றம் செய்யாதவர் இனி ஒருவரும் எழுந்து நின்று "நான்தான் போட்டேன்" என்று சொல்ல வேண்டி வரக் கூடாது.

பாதயாத்திரைக் குழுவினரே! திருப்பத்தூரிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு வருகிற வழியையும், தேவகோட்டையிலிருந்து இந்த ஊர் வரை வருகிற வழியையும் காளிதாஸ் அண்ணன் நடந்தே பார்த்திருக்கிறார். விலகிய வட்டோடு நடந்திருக்கிறார்! எங்கே நிழல், எங்கே குடிதண்ணீர், எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கும்போது வண்டி வேகமாக வரும், எந்தத் திருப்பத்தில் இருட்டு நேரத்தில் விளக்கு எரியாது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரைக்குமான வழி மட்டும் பாக்கி. "பக்கத்து வழிதானே, கடைசியில பாத்துக்கலாம்" என்றார். நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. இப்போதே உங்கள் மேசையில் வைக்கிறேன். வரைபடத்தை முடிக்க நீங்கள் யாரை நியமித்தாலும் அவர்களுக்கு இது வேண்டும். என்னை நியமிக்காவிட்டால் எனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் இருக்காது.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருகிற பெண்கள் அந்த வரைபடத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் என்று போட்ட இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? யார் வரைந்தாலும், யாராவது ஒருவர் அந்த ரோட்டில் நடந்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அதைச் செய்ய எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம். நாளைக் காலை நான் நடக்கப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை, மதினியிடம் சொல்வதற்கும் முன்னால், மகளைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். முத்துக்கண்ணன் ஐயா வீட்டைக் கண்டுபிடித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"அந்தாளு இருக்கும்போதே சொல்லிருந்தீகன்னா, நான் கடைக்கு வந்து ஒரு கும்பிடு போட்டிருப்பேனே தாயி. தப்புச் செய்யாதவன நிக்கவச்சுப் பேசிட்டுல்ல வந்தேன்."

இந்த வார்த்தையைத்தான் நான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். ஐயா கும்பிட வேண்டிய நாட்களில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காளிதாஸ் அண்ணனுக்கு வர வேண்டிய அந்த ஒரு கும்பிடை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கு என்னால் ஈடு கட்ட முடியாது. முடியும் என்று இந்த மேடையில் பொய் சொல்லவும் மாட்டேன்.

ஐயா இன்றைக்கு வந்திருக்கிறார். ஜன்னல் ஓரம் நிற்கிறவர்தான். உள்ளே வரும்போதே என்னிடம் கேட்டார், பாக்கி வழி எது என்று. சொன்னேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"சரி, நானும் வர்றேன். நீ தலையக் குனிஞ்சு நோட்டுல எழுது. பாலம் வந்தா நான் சொல்றேன்" என்றார்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு, கடை வாசலிலிருந்து கிளம்புகிறோம். நடக்க முடிந்தவர்கள் வாருங்கள். செருப்பு கெட்டியானதாக இருக்கட்டும். நான் இறங்கிக்கொள்கிறேன், மகள் கூப்பிடுகிறாள்.